சூடானில் 2019-ல் நடந்ததைப் புரட்சி என்று சொல்லலாமா?

கேள்வி: அதிபர் ஒமர் அல்-பஷீரை இறக்கிய சூடான் மக்கள் எழுச்சியைப் புரட்சி என்று சொல்ல முடியுமா? இடதுசாரிகள் அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்? இப்போது நடக்கும் போரில் யார் பக்கம் நிற்பது?

புரட்சிதான். தோற்றுப்போன புரட்சி, ஆனாலும் புரட்சி. 1871-ல் தொழிலாளர்கள் ஆட்சியைப் பிடித்த பாரிஸ் கம்யூன்கூட 72 நாளில் ரத்தத்தில் முடிந்தது, அதை யாரும் கலகம் என்று தள்ளிவிடவில்லையே.

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ரொம்ப காலம் தொழிற்சங்க வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில், எந்தப் போராட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இவர்கள் வேலையை நிறுத்தினால் எதிராளிக்கு எங்கே வலிக்கும்? சூடானைப் பற்றி நம் தோழர்கள் வட்டாரத்தில் மூன்று பதில்கள் சுற்றுகின்றன. 'அமெரிக்கா தூண்டிவிட்ட வண்ணப் புரட்சி' என்பது ஒன்று. 'டாக்டர், வக்கீல்களின் நடுத்தர வர்க்கக் கொந்தளிப்பு' என்பது இன்னொன்று. 'புரட்சிகரக் கட்சி இல்லை, அதனால் தோற்றது' என்பது மூன்றாவது. மூன்றிலுமே இந்த வலி எங்கே என்ற கேள்வி இல்லை.

முதல் பதிலுக்கு நிறைய நேரம் வேண்டாம். பஷீர் மீது அமெரிக்கத் தடைகள் இருந்தது உண்மை. 2017 நவம்பரில் சோச்சிக்குப் போய்ப் புதினிடம் பாதுகாப்புக் கேட்டதும், 2018 டிசம்பரில் டமாஸ்கஸ் போய் அசாத்தைக் கட்டிக்கொண்டதும் உண்மை. ஆனால் அதே பஷீர்தான் 2015 முதல் சவூதி கூட்டணிக்காக ஏமன் போருக்குச் சிப்பாய்களை அனுப்பினார். அகதிகள் ஐரோப்பாவுக்குப் போகாமல் தடுக்கும் வேலையில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு கைகோத்தார். ஐ.எம்.எஃப். விரும்பிய பாதையில் 2018 பட்ஜெட்டில் கோதுமை மானியத்தை வெட்டினார். இவரை ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் என்று தூக்கிப் பிடிப்பவர்கள், ரொட்டி விலை ஏறித் தெருவுக்கு வந்தவனை ஏஜென்ட் என்கிறார்கள். எனக்கு இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. தொடங்கிய இடத்திலிருந்தே வருகிறேன். தெற்கே தமசினில் சில நாள் முன்பே சலசலப்பு இருந்தது. நாடே திரும்பிப் பார்த்தது 2018 டிசம்பர் 19 அன்று, அத்பராவில். பிரிட்டிஷ்காரன் ரயில்வே பட்டறை போட்ட ஊர் அது. 'இரும்பும் நெருப்பும்' ஊர் என்று சூடானியர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சூடானியத் தொழிற்சங்க இயக்கம் பிறந்ததும், கம்யூனிஸ்ட் கட்சி வேர் பிடித்ததும் அந்தப் பட்டறைகளில்தான். ஒரு பவுண்டுக்குக் கிடைத்த ரொட்டி மூன்று பவுண்டு ஆன நாளில் அத்பரா எழுந்தது, ஆளும் கட்சி அலுவலகம் எரிந்தது. ஆனால் முதலில் தெருவுக்கு வந்தவர்கள் பள்ளி மாணவர்கள். ரயில்வே தொழிலாளர்கள் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய சூடான் தொழில்வல்லுநர் சங்கத்தில் டாக்டர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள், பத்திரிகையாளர்கள், இன்ஜினியர்கள் இருந்தார்கள். பஷீர் ஆட்சி அசல் சங்கங்களை ஒழித்துவிட்டுத் தன் ஆட்களை வைத்துச் சங்கம் நடத்தியதால், இவர்கள் ரகசியமாகக் கூடி வளர்த்த அமைப்பு அது. டிசம்பர் 25-ல் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போவது என்று அவர்கள் முன்பே திட்டம் போட்டிருந்தார்கள். எதற்கு? குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தச் சொல்லி. அத்பரா வெடித்ததும் கோரிக்கையை மாற்றி, பஷீர் பதவி விலக வேண்டும் என்று அரண்மனையை நோக்கித் திருப்பினார்கள். விலைவாசியில் சம்பளம் கரைந்துபோய், அரசு ஆஸ்பத்திரியில் மருந்துகூட இல்லாமல் வேலை பார்க்கும் ஜூனியர் டாக்டரைக் 'குட்டி முதலாளித்துவம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம்.

அடுத்த ஏப்ரல் 6 அன்று லட்சக்கணக்கானோர் கார்த்தூம் ராணுவத் தலைமையகத்தின் முன் போய் உட்கார்ந்தார்கள். அந்தத் தேதி சும்மா தேர்ந்தெடுத்ததல்ல, 1985-ல் சர்வாதிகாரி நுமெய்ரி விழுந்த நாள். எட்டு வாரம் அந்த இடம் தனி ஊராகவே இருந்தது. உள்ளே நுழையும் இடத்தில் இளைஞர்கள் வரிசை கட்டி நின்று சோதனை போடுவார்கள், 'கையைத் தூக்கு, மரியாதையாகச் சோதிக்கிறோம்' என்று எதுகையோடு பாட்டாகவே பாடுவார்கள். நடைபாதையில் ஒரு பெட்டி இருக்கும், அதில் பணம். 'இருந்தால் போடு, இல்லையென்றால் எடு' என்று எழுதியிருக்கும். மேலே போகும் ரயில் பாலத்தின் இரும்பைக் கல்லால் தட்டித் தாளம் போட்டபடி ராப்பகலாக ஆட்கள். தெருவோரம் தேநீர் விற்கும் பெண்கள் சமையலைக் கையில் எடுத்தார்கள். மேற்கே டார்ஃபூரிலும் தெற்கே நூபா மலைகளிலும் நடந்த போர்களால் தலைநகருக்குத் துரத்தப்பட்டவர்கள் இவர்களில் பலர், பொது ஒழுங்குச் சட்டத்தின் பெயரில் போலீஸ் அடித்து அடுப்பையும் பாத்திரத்தையும் பிடுங்கிப் போகும் பெண்கள். ஏப்ரல் 23 அன்று அத்பராவிலிருந்து ரயில் நிறைய ஆட்கள், கூரைமேலும் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்கள். டிசம்பரிலேயே, கலவரத்தைத் தூண்டியதாக டார்ஃபூர் மாணவர்கள்மீது அரசு பழிபோட்டபோது கூட்டம் திருப்பிக் கத்தியது: 'ஏ இனவெறியனே, திமிர் பிடித்தவனே, நாடு முழுக்க டார்ஃபூர்தான்!'

இதில் டாக்டர் இருந்தார், தேநீர்க்காரம்மா இருந்தார், வேலையில்லாத பட்டதாரியும் இருந்தார், மதவாதிகளும் இருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியைச் சிலர் இதே மாதிரி கேலி செய்தபோது, சுத்தமான சமூகப் புரட்சிக்காகக் காத்திருப்பவன் சாகும்வரை அதைப் பார்க்க மாட்டான் என்ற பொருளில் லெனின் கடுமையாகப் பதில் சொன்னார். நூறு வருடம் கழித்தும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 11-ல் தளபதிகள் பஷீரை இறக்கினார்கள். மக்கள் எழுந்து போகவில்லை. மறுநாளே அவருக்குப் பின் வந்த தளபதியும் விலகினார், இன்னொரு தளபதி புர்ஹான் வந்தார். 'ராணுவம் கவிழ்த்தது, மக்கள் வேடிக்கை பார்த்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு நாளை மட்டும் விளக்கட்டும்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன்.

சூடானில் ராணுவ ஆட்சியை மக்கள் கவிழ்ப்பது இது மூன்றாம் முறை. 1964 அக்டோபரில் கார்த்தூம் பல்கலைக்கழகத்தில் அகமது அல்-குரஷி என்ற மாணவரைப் போலீஸ் சுட்டது. அதற்குப் பிறகு வந்த பொது வேலைநிறுத்தத்தில் ஜெனரல் அப்பூத் சில நாளில் பணிந்தார். 1985-லும் அதேதான், நுமெய்ரி அமெரிக்காவில் இருந்தபோதே வேலைநிறுத்தம் நாட்டைப் பூட்டிவிட்டது. அந்தக் காலத்து அரசு எதில் பிழைத்தது என்று பாருங்கள். நைல் பாசனப் பகுதியான கெசீராவில் விளையும் பருத்தி, அதைத் துறைமுகத்துக்கு இழுக்கும் ரயில், கணக்கு எழுதும் குமாஸ்தா. ரயில்காரன் நின்றால் பருத்தி நின்றது, பருத்தி நின்றால் கஜானா காலி. தொழிலாளி எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் அரசின் கல்லாப்பெட்டி அவன் கைவழியாகத்தான் நிரம்பியது.

1989-ல் பஷீரை ஏற்றிய இஸ்லாமியவாதிகள் இதை நன்றாகவே படித்திருந்தார்கள். வந்ததும் சங்கங்களைக் கலைத்தார்கள், 'பொது நலன் கருதி' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து தூக்கினார்கள். அத்பரா ரயில்வே தொழிலாளர்களும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ரயிலே தேய்ந்துபோனது. 2018-ல் அந்த ஊரில் மாணவர்கள் முதலில் வந்ததற்குக் காரணம் இதுதான். பட்டறையின் பெயர் இருந்தது, பட்டறையின் பலம் போய்விட்டது. பிறகு எண்ணெய் வந்தது. 2011-ல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெயில் முக்கால் பங்கு அதோடு போனது. அடுத்து தங்கம். டார்ஃபூரின் ஜெபல் ஆமிர் தங்க வயல்களை 2017-ல் தளபதி ஹெமெத்தியின் ஆர்.எஸ்.எஃப். (அதிவிரைவு ஆதரவுப் படை) என்ற துணை ராணுவம் பிடித்தது. டார்ஃபூரில் கிராமங்களைக் கொளுத்திய ஜன்ஜவீத் கும்பலிலிருந்து பஷீர் கட்டி வளர்த்த படை அது. ராணுவத்துக்கும் தனியாகக் கம்பெனிகள் உண்டு, நிதி அமைச்சகத்தின் கண்ணில் படாதவை. ஏமனுக்கு ஆள் அனுப்பினால் வளைகுடாப் பணம். பஷீர் விழுந்து பத்தே நாளில் சவூதியும் அமீரகமும் சேர்ந்து தளபதிகளுக்கு 300 கோடி டாலர் உதவி அறிவித்தன.

இந்தப் பின்னணியில் 2019 மே 28, 29 பொது வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். வங்கி, விமான நிலையம், துறைமுகம், மின்சாரம், பள்ளி என்று எல்லாத் துறையிலும் நடந்தது. ஒரு சங்கக்காரனாக அதைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது. 1964-ஆக இருந்தால் அரசு அன்றே சுருண்டிருக்கும். 2019-ல் தளபதிகள் சுருளவில்லை. அவர்கள் கல்லா வேறு இடத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது.

ஜூன் 3 விடியற்காலை, ரம்ஜான் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது, ராணுவத் தலைமையகத்தின் முன் இருந்த அந்தப் போராட்டக் களத்தைத் தளபதிகளின் படைகள் துடைத்தெடுத்தன. நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்று மருத்துவர்கள் கணக்கு சொன்னார்கள். கல் கட்டி நைலில் வீசிய உடல்கள் மிதந்து வந்தன. பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். இணையத்தை ஐந்து வாரம் துண்டித்தார்கள். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் வெளியே இருந்த எல்லோரும் நினைத்தோம்.

ஜூன் 30 அன்று லட்சக்கணக்கானோர் மறுபடி தெருவில். இணையம் இல்லை, தொலைக்காட்சி எதிராளி கையில். தெருவுக்குத் தெரு இருந்த எதிர்ப்புக் குழுக்கள் கதவைத் தட்டி, சுவரில் எழுதி, எஸ்.எம்.எஸ். அனுப்பி, ஒலிபெருக்கி வைத்துச் சேர்த்த கூட்டம் அது. சூடான் புரட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் ஆகப் பெரிய விஷயம் இந்தக் குழுக்கள்தான். தலைமை என்று பெயர்ப்பலகை மாட்டிய யாரையும் விட இவைதான் புரட்சியின் உடம்பு. ரொட்டிக்கடையில் மாவு வந்ததா, சிலிண்டர் ஒழுங்காகப் பங்கிடப்படுகிறதா என்று பார்த்ததும் இதே பிள்ளைகள்தான்.

அந்தக் கூட்டத்தின் பலத்தை வைத்துப் பேரம் பேசியவர்கள் வேறு ஆட்கள். சுதந்திரத்துக்கும் மாற்றத்துக்குமான சக்திகள் என்ற கூட்டணி ஆகஸ்டில் தளபதிகளோடு ஒப்பந்தம் போட்டது. 39 மாத இடைக்கால ஆட்சி, முதல் பாதிக்குத் தலைவர் புர்ஹான், பாதுகாப்பும் உள்துறையும் ராணுவம் சொல்லும் ஆளுக்கு. ஜூன் 3-க்குக் கட்டளை இட்டவர்கள் யாரோ, அவர்களே கூட்டாளிகள்.

சூடான் கம்யூனிஸ்ட் கட்சி இதை எதிர்த்தது, அமைச்சரவையில் சேரவில்லை, ஆனால் 2020 நவம்பர் வரை கூட்டணியை விட்டும் வெளியேறவில்லை. ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்த அந்தப் பதினைந்து மாதம் கட்சிக்கு நல்லது செய்யவில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அதைத் திட்டுவதற்கு முன் அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் பெரிய கம்யூனிஸ்ட் கட்சிகளில் ஒன்று. 1969-ல் 'முற்போக்கு' அதிகாரி நுமெய்ரியின் அமைச்சரவையில் அதன் ஆட்கள் இருந்தார்கள். 1971 ஜூலையில் கட்சிக்கு நெருக்கமான அதிகாரிகள் நுமெய்ரிக்கு எதிராக நடத்திய கவிழ்ப்பு மூன்று நாளில் தோற்றது. பொதுச்செயலாளர் அப்துல் காலிக் மஹ்ஜூப், தொழிற்சங்கத் தலைவர் ஷஃபீ அகமது, தெற்கிலிருந்து வந்த ஜோசப் கராங் மூவரையும் தூக்கில் போட்டார் நுமெய்ரி. சீருடைக்காரனை நம்பினால் என்ன ஆகும் என்று அந்தக் கட்சிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இடைக்கால ஆட்சி என்ன செய்தது? பிரதமர் ஹம்தோக் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையத்தில் இருந்தவர், முதல் நிதி அமைச்சர் உலக வங்கியில் இருந்தவர். பெண்கள் மீதான பொது ஒழுங்குச் சட்டத்தை நீக்கினார்கள், மதம் மாறினால் மரண தண்டனை என்ற பிரிவை எடுத்தார்கள். இவை சின்ன விஷயம் இல்லை. ஆனால் கடன் தள்ளுபடிக்காக எரிபொருள் மானியத்தை வெட்டினார்கள். 2021 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 55 பவுண்டு என்ற அதிகாரபூர்வ விகிதத்தை ஒரே நாளில் 375-க்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு நடுவில் பணவீக்கம் 400 சதவீதத்தைத் தாண்டியது. ரொட்டிக்காகப் புரட்சி செய்தவனிடம் இதைக் கொண்டுபோய் நீட்டினால் அவன் யாரை நம்புவான்?

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2019 டிசம்பரில், இந்தச் சிவிலியன் ஆட்சி வந்து சில மாதத்தில், கார்த்தூமில் ஒரு செராமிக் ஆலையில் எரிவாயு டேங்கர் வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் இந்தியர்கள், தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். பாதுகாப்புச் சாதனங்கள் போதவில்லை, தீப்பிடிக்கும் பொருட்களைக் கண்டபடி அடுக்கி வைத்திருந்தார்கள் என்று அரசே சொன்னது. நம் பத்திரிகைகளில் அது 'சூடான் தீ விபத்து' என்று இரண்டு நாள் ஓடியது. அரண்மனை வாசல்வரை போன புரட்சி ஆலை வாசலுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை யாரும் அதோடு சேர்த்துப் படிக்கவில்லை.

2021 அக்டோபரில் அரண்மனை முன்னால் இன்னொரு உட்கார்ந்த போராட்டம் நடந்தது, ராணுவம் ஆட்சியை எடுக்க வேண்டும் என்று கேட்டு. நடத்தியவர்களில் முக்கியமானவர்கள், 2020 ஜூபா சமாதான ஒப்பந்தத்தில் பதவி வாங்கிய டார்ஃபூர் ஆயுதக் குழுத் தலைவர்கள். சாப்பாடு தாராளமாக வந்து இறங்கியதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அதற்கு 'வாழைப்பழப் போராட்டம்' என்று பேர் வைத்தார்கள். 25-ஆம் தேதி புர்ஹானும் ஹெமெத்தியும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் குழுக்கள் தங்கள் சொந்த அரசியலோடு வெளியே வந்தன. 'பேச்சுவார்த்தை இல்லை, கூட்டு இல்லை, அங்கீகாரம் இல்லை' என்ற மூன்று இல்லைகள். 2022-ல் 'மக்கள் அதிகாரத்தை நிறுவும் சாசனம்' என்று ஒன்றைத் தெருத் தெருவாக விவாதித்து எழுதினார்கள். கீழே உள்ளூர் மன்றம், அதிலிருந்து மேலே எழும் சட்டமன்றம், ஆர்.எஸ்.எஃப். கலைப்பு என்று போகும் ஆவணம் அது. கூட்டம் நடத்திய பிள்ளைகள் அடுத்த ஊர்வலத்தில் சுடப்பட்டுச் செத்தார்கள், மற்றவர்கள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். 'உணர்வுநிலை போதவில்லை' என்று மூன்றாவது பதிலைச் சொல்லும் நம் தோழர்கள், தங்கள் மாவட்டக் குழுவில் இப்படி ஒரு ஆவணம் எப்போது விவாதமானது என்று யோசிக்கலாம்.

கட்சி இருந்திருந்தால் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட கட்சியும், தன் ஆட்களின் உழைப்பே தேவைப்படாத ஒரு ஆளும் கூட்டத்தை எதை வைத்து மடக்கும்? 1917 ரஷ்யப் புரட்சியின் பாடத்தை அப்படியே எடுத்து வைப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பெட்ரோகிராடில் ஆலைத் தொழிலாளியும் சிப்பாயும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்தார்கள். கார்த்தூமில் சில இளம் அதிகாரிகளும் சிப்பாய்களும் மக்களைக் காக்க ஆர்.எஸ்.எஃப்.-ஐ எதிர்த்து நின்றார்கள், அவ்வளவுதான். ஆர்.எஸ்.எஃப். சிப்பாய் டார்ஃபூரின் வறண்ட மேய்ச்சல் நிலத்திலிருந்து சம்பளத்துக்கு வந்த ஏழைப் பையன். தங்கம் தோண்டுபவர்களோ லட்சக்கணக்கானோர், குழிக்குள் பாதரசத்தோடு சாகிறவர்கள். இன்றைய சூடானின் கல்லாப்பெட்டி அவர்கள் கைவழியாகத்தான் நிரம்புகிறது. பழைய ரயில்காரனின் இடத்தில் இருப்பவன் அந்தத் தோண்டுகிறவன். அவனிடம் எந்தச் சங்கமும் போய்ச் சேரவில்லை, தலைநகர இடதுசாரிகளுக்கு அவன் கண்ணிலேயே படவில்லை. 'நாடு முழுக்க டார்ஃபூர்' என்று கத்தியது உண்மையான உணர்ச்சிதான். ஆனால் டார்ஃபூரில் நெர்தித்தி என்ற சின்ன ஊரில் 2020-ல் மக்கள் பாதுகாப்பு கேட்டு உட்கார்ந்தபோது, தலைநகரின் பலம் அங்கே போய் நிற்கவில்லை.

இப்போது, போரில் யார் பக்கம் என்ற கேள்வி. 2023 ஏப்ரல் 15-ல் புர்ஹானின் ராணுவமும் ஹெமெத்தியின் ஆர்.எஸ்.எஃப்.-உம் என்ற இந்தக் கூட்டுக் கொள்ளைக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இந்தியா 'ஆபரேஷன் காவேரி' நடத்தி நம்மவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிக் கொண்டுவந்தது அப்போதுதான். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். டார்ஃபூரின் ஜெனீனா நகரில் மசாலித் இன மக்களை ஆர்.எஸ்.எஃப். இனவழிப்பாகக் கொன்றது. ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபரில் டார்ஃபூரின் எல் ஃபஷர் நகரம் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தபோதும் அதே வெறி. அதைப் பார்த்துச் சில சூடானிய இடதுசாரிகளே 'அரசாவது மிஞ்சட்டும்' என்று ராணுவத்தின் பக்கம் சாய்ந்தார்கள், குழு இளைஞர்கள் சிலர் துப்பாக்கியும் எடுத்தார்கள். தன் தெருவைக் காக்க அவர்கள் எடுத்ததை இங்கே நாற்காலியில் உட்கார்ந்து நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசியல் நிலைப்பாடாக அதை ஏற்க முடியாது. புர்ஹானின் படையோடு சேர்ந்து சண்டை போடுபவை பஷீர் காலத்து இஸ்லாமியவாதப் படையணிகள். குண்டு வீசுவது சந்தைகள் மீதும்தான். ஆர்.எஸ்.எஃப்.-க்கு ஆயுதம் கொடுப்பதாக அமீரகம் மீது ஐ.நா. நிபுணர்கள் வரை குற்றம் சாட்டியிருக்கிறார்கள், அமீரகம் மறுக்கிறது. அமீரகத்தை வைத்து ஏகாதிபத்திய எதிர்ப்புக் கணக்குப் போட்டுப் புர்ஹானைத் தேசிய நாயகனாக்கும் தோழர்களுக்கு நான் சொல்வது: போர்க்காலத்தில் ராணுவப் பகுதியிலிருந்தும் தங்கத்தின் பெரும்பகுதி துபாய்க்குத்தான் போயிருக்கிறது.

எதிர்ப்புக் குழுக்கள் பல இன்று அவசரகால அறைகளாக மாறியிருக்கின்றன. பொதுச் சமையல், ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர், குண்டு விழும் தெருவிலிருந்து ஆளை வெளியேற்றுவது என்று நடத்துகிறார்கள். 2025-ல் அவர்களுக்கு 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் கிடைத்தது. இரண்டு தரப்பும் அவர்களைக் கைது செய்கின்றன, கொல்கின்றன. இதைத் 'தர்ம காரியம்தான், அரசியல் இல்லை' என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். பாதி ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டு நன்கொடையில் சமையல் நடக்கும்போது, எவ்வளவு அரசியல் பேசலாம் என்பதைக் கொடுப்பவன் முடிவு செய்யும் ஆபத்து நிஜம். மீதிப் பாதியில் எனக்கு வேறு கருத்து. ஒரு பேட்டையில் யாருக்கு எத்தனை பேர் வீட்டில், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்ற கணக்கு, அங்கே அரசு என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு பேரிடமும் இல்லை, இந்த அறைகளிடம் இருக்கிறது. பக்கம் எடுக்கச் சொன்னால் நான் எடுப்பது அந்தப் பக்கம். அகதிகளுக்கான அனுமதி, தங்க வணிகத்தின் மீது தடை, ஆயுத விற்பனைக்கு எதிர்ப்பு என்று இங்கிருந்து குரல் கொடுக்க விஷயங்கள் இருக்கின்றன. துபாய்த் தங்கத்துக்கு இந்தியாவும் பெரிய சந்தைதான் என்பதால், இதில் நாம் வெறும் பார்வையாளர்களும் இல்லை.